வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி? வேதிச் சமன்பாடுகள்: தொடக்கநிலை விளக்கம்

"அலுமினியம் சல்பேட் கரைசலுடன் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிறது (கரையாத திண்மமாகப் படிகிறது), கால்சியம் சல்பேட்டும் உண்டாகிறது. இவ்வினைக்குச் சமன் செய்யப்பட்ட சமன்பாட்டை எழுதுக."

இப்படி ஒரு கேள்வி வந்தால் பலரும் பயப்படுவது 'சமன் செய்க' என்பதற்குத்தான். ஆனால் சமன் செய்வது, அதாவது இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கையை ஒன்றாக்குவது, கடைசி வேலை. அதுவும் எண்ணத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய வேலை. சிக்கல் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வாக்கியத்தில் எது வினைபுரிகிறது, எது உண்டாகிறது என்று பிரிக்கும்போது ஒரு தடுமாற்றம். பெயரைப் பார்த்து வாய்பாடு (நீருக்கு H₂O என்பதுபோல) எழுதும்போது இன்னொரு தடுமாற்றம். வாய்பாடு ஒன்று தவறினால் போதும், அரை மணி நேரம் எண்களை மாற்றி மாற்றிப் போட்டாலும் சமன்பாடு சமன் ஆகாது. சில சமயம் தவறான வாய்பாட்டோடு சமன் ஆகியும் விடும். அது இன்னும் மோசம், ஏனென்றால் தவறு கண்ணுக்கே தெரியாது. அதனால் இந்தக் கட்டுரையில் வாசிப்பதற்கும் வாய்பாட்டுக்கும்தான் அதிக இடம்.

வாக்கியத்தை வாசிப்பது

முதலில் வாக்கியத்தில் வரும் பொருள்களின் பெயர்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தமிழில் எழுதப்பட்ட கேள்வியில் வேற்றுமை உருபே பாதி விடையைச் சொல்லிவிடும். 'உடன்', 'மீது', 'இலிருந்து' ஆகியவை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் வினைபடு பொருள், அதாவது அம்புக்குறிக்கு இடப்பக்கம் வரவேண்டியது. 'கிடைக்கிறது', 'உண்டாகிறது', 'வெளியேறுகிறது', 'ஆக மாறுகிறது' என்ற வினைச்சொற்களுக்கு உரியது வினைவிளை பொருள். அது வலப்பக்கம் போகும்.

பெயர் வரும் வரிசையை மட்டும் நம்பாதீர்கள். "அம்மோனியா, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துத் தயாரிக்கப்படுகிறது" என்ற வாக்கியத்தில் முதலில் வருவது அம்மோனியா. ஆனால் அது வினையின் முடிவில் கிடைக்கும் பொருள். முதலில் சொல்லிலேயே ஒரு சமன்பாடு எழுதிக்கொள்ளுங்கள்:

நைட்ரஜன் + ஹைட்ரஜன் → அம்மோனியா

இதற்குச் சொற்சமன்பாடு என்று பெயர். இதை எழுதாமல் நேராக வாய்பாட்டுக்குத் தாவுபவர்கள்தான் ஏதாவது ஒரு பொருளை விட்டுவிடுகிறார்கள். ஒரு வரிதான், எழுதிவிடுங்கள்.

அடுத்தது, வாக்கியம் சொல்லாமல் விடுவது. "மெக்னீசியம் காற்றில் எரிந்து மெக்னீசியம் ஆக்சைடாகிறது" என்றால் அதில் ஆக்சிஜன் என்ற பெயரே இல்லை. பள்ளிக் கணக்கில் காற்றில் எரிகிறது என்றால் ஆக்சிஜனோடு சேர்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "மீத்தேன் முழுமையாக எரிகிறது" என்பதில் ஆக்சிஜனும் சொல்லப்படவில்லை, என்ன கிடைக்கும் என்பதும் சொல்லப்படவில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள ஒரு சேர்மம் முழுமையாக எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும் கிடைக்கும் என்று நாமே நிரப்ப வேண்டும். அதேபோல் கார்பனேட்டின் மீது அமிலத்தை ஊற்றினால் கார்பன் டைஆக்சைடு குமிழிட்டு வெளியேறும் என்று மட்டும் கேள்வி சொல்லும். அங்கே உப்பும் நீரும் கூடவே உண்டாகின்றன.

இதற்கு நேர்மாறாக, வாக்கியத்தில் இருந்தும் சமன்பாட்டின் கூட்டலில் சேராத பொருள்களும் உண்டு. 'நீர்த்த சல்பியூரிக் அமிலம்' என்றால் அமிலத்தில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த நீர் வினையில் பங்கெடுப்பதில்லை. 'கரைசல்' என்று வந்தாலும் அப்படியே. "மாங்கனீசு டைஆக்சைடின் முன்னிலையில் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து நீரும் ஆக்சிஜனும் தருகிறது" என்பதில் மாங்கனீசு டைஆக்சைடு வினையூக்கி, அதாவது வினையை விரைவாக்கும், ஆனால் தான் செலவாகாத பொருள். 'முன்னிலையில்' என்ற சொல்லைக் கண்டாலே எச்சரிக்கையாகுங்கள்: அந்தப் பொருளை அம்புக்குறிக்கு மேலே எழுத வேண்டும், இடப்பக்கம் கூட்டக் கூடாது. வெப்பமும் அழுத்தமும் அம்புக்குறியோடுதான் நிற்கும்.

ஆனால் "சோடியத்தை நீரில் போட்டால் சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன" என்ற வாக்கியத்தில் நீர் வெறும் கரைப்பான் இல்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வலப்பக்கம் ஹைட்ரஜன் இருக்கிறது. அது சோடியத்திலிருந்து வந்திருக்க முடியாது, நீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை எப்போதும் கேட்டுப் பாருங்கள்: வலப்பக்கம் உள்ள ஒவ்வொரு தனிமமும் இடப்பக்கம் எங்கே இருக்கிறது? பதில் கிடைக்கவில்லை என்றால் ஏதோ ஒரு பொருளை விட்டுவிட்டோம்.

பெயரிலிருந்து வாய்பாடு

தனிமங்களுக்கு ஓரிரு எழுத்தில் குறியீடு எழுதும் இன்றைய முறை சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அவர் பல தனிமங்களுக்கு லத்தீன் பெயரின் எழுத்துகளை எடுத்துக்கொண்டார். அதனால்தான் சோடியம் Na, பொட்டாசியம் K, இரும்பு Fe, தாமிரம் Cu, வெள்ளி Ag, காரீயம் Pb. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு எழுத்துக் குறியீட்டில் இரண்டாவது எழுத்து எப்போதும் சிறியதாக இருக்க வேண்டும்: Co என்றால் கோபால்ட் என்னும் உலோகம், CO என்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

தனித்து இருக்கும்போது இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்து மூலக்கூறாக இருக்கும் தனிமங்கள் ஏழு: H₂, N₂, O₂, F₂, Cl₂, Br₂, I₂. கேள்வியில் 'ஹைட்ரஜன் வாயு', 'குளோரின்' என்று தனியாக வந்தால் இப்படித்தான் எழுத வேண்டும். சேர்மத்துக்குள் போய்விட்டால் இந்த விதி செல்லாது. சோடியம் குளோரைடு NaCl தான், NaCl₂ இல்லை. தொடக்கத்தில் நிகழும் தவறுகளில் கணிசமானவை இந்த ஒரு இடத்தில்தான்.

சேர்மங்களுக்கு அயனிகளின், அதாவது மின்சுமை பெற்ற அணுக்களின் அல்லது அணுத்தொகுதிகளின், மின்சுமை தெரிய வேண்டும். சோடியம், பொட்டாசியம், வெள்ளி, அம்மோனியம் (NH₄) ஆகியவற்றுக்கு நேர்மின்சுமை 1. மெக்னீசியம், கால்சியம், துத்தநாகத்துக்கு 2. அலுமினியத்துக்கு 3. எதிர்மின்சுமைப் பக்கம் குளோரைடு (Cl), ஹைட்ராக்சைடு (OH), நைட்ரேட் (NO₃) ஆகியவற்றுக்கு 1. ஆக்சைடு (O), சல்பேட் (SO₄), கார்பனேட் (CO₃) ஆகியவற்றுக்கு 2. பாஸ்பேட்டுக்கு (PO₄) 3. தொடக்கநிலைக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவு போதும்.

ஒரு சேர்மத்தில் மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாக இருக்க வேண்டும். வாய்பாடு எழுதுவதன் அடிப்படை அவ்வளவுதான். அலுமினியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்கு 3, சல்பேட்டுக்கு 2. இரண்டையும் சமமாக்க 6 வேண்டும்: இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட். ஆகவே Al₂(SO₄)₃. சல்பேட் ஒரு முழுத் தொகுதி என்பதால் அதற்கு அடைப்புக்குறி போட்டு, மூன்றை வெளியே எழுதுகிறோம். கால்சியம் ஹைட்ராக்சைடு Ca(OH)₂. இங்கே அடைப்புக்குறியை விட்டுவிட்டு CaOH₂ என்று எழுதினால் ஆக்சிஜன் ஒன்றுதான் என்றாகிவிடும். கால்சியம் கார்பனேட்டில் இரண்டுக்கும் 2 என்பதால் ஒன்றுக்கு ஒன்றே போதும், CaCO₃.

பெயரின் கடைசி அசையைக் கவனமாகப் படியுங்கள். சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். சல்பைடில் ஆக்சிஜனே இல்லை, வெறும் S. சல்பைட் என்பது SO₃, சல்பேட் என்பது SO₄. நைட்ரைடு, நைட்ரைட், நைட்ரேட்டிலும் இதே கதைதான்: N, NO₂, NO₃. அவசரமாகப் படித்து 'சல்பைடு' என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பின் செய்வது எல்லாமே வீண்.

இரும்பு போன்ற சில உலோகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை உண்டு. பெரஸ் என்றால் 2, பெரிக் என்றால் 3. ஆகவே பெரஸ் குளோரைடு FeCl₂, பெரிக் குளோரைடு FeCl₃. அலோகங்கள் இரண்டு சேரும்போது பெயரிலேயே எண்ணிக்கை இருக்கும்: மோனாக்சைடு என்றால் ஒன்று, டைஆக்சைடு என்றால் இரண்டு, ட்ரைஆக்சைடு என்றால் மூன்று. அங்கே மின்சுமைக் கணக்கே வேண்டாம். நீர், அம்மோனியா (NH₃), மீத்தேன் (CH₄), ஹைட்ரோகுளோரிக் அமிலம் (HCl), சல்பியூரிக் அமிலம் (H₂SO₄), நைட்ரிக் அமிலம் (HNO₃) ஆகியவற்றைப் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமன் செய்வது

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே மூடிய கலங்களில் வினைகளை நிகழ்த்தி, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார். மொத்த நிறை மாறவில்லை. வேதிவினையில் அணுக்கள் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, மறைவதும் இல்லை. இருக்கும் அணுக்கள் வேறு விதமாகச் சேர்கின்றன, அவ்வளவே. அதனால் இடப்பக்கம் எத்தனை அணுக்கள் உண்டோ வலப்பக்கமும் அத்தனை இருந்தே ஆக வேண்டும்.

மெக்னீசியம் எரிவதை எழுதிப் பார்ப்போம்.

Mg + O₂ → MgO

இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. இந்த இடத்தில் கை தானாகவே MgO₂ என்று எழுதப் போகும். அணுக்கணக்கு சரியாகிவிடும்தான். ஆனால் MgO₂ என்பது மெக்னீசியம் பெராக்சைடு என்னும் வேறொரு சேர்மம். கேள்வி கேட்டது மெக்னீசியம் ஆக்சைடைப் பற்றி. வாய்பாட்டுக்குள் கீழே எழுதும் எண், அந்தப் பொருள் எது என்பதைச் சொல்கிறது. வாய்பாட்டுக்கு முன்னால் எழுதும் எண், அதாவது கெழு, அந்தப் பொருள் எத்தனை என்பதைச் சொல்கிறது. 2H₂O என்றால் இரண்டு நீர் மூலக்கூறுகள். H₂O₂ என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு, அது நீரே இல்லை. சமன் செய்யும்போது கெழுவை மட்டுமே மாற்றலாம். வாய்பாடு ஒரு முறை சரியாக எழுதப்பட்ட பிறகு அதைத் தொடவே கூடாது.

ஆகவே MgO வுக்கு முன்னால் 2 போடுகிறோம். ஆக்சிஜன் சரியாகிவிட்டது, மெக்னீசியம் இப்போது வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கமும் 2 போடுகிறோம்.

2Mg + O₂ → 2MgO

மெக்னீசியத்தின் அணுநிறை சுமார் 24, ஆக்சிஜனுடையது 16. இடப்பக்கம் 48 + 32 = 80, வலப்பக்கம் 2 × 40 = 80. லவாசியே தராசில் பார்த்தது இப்போது நம் தாளிலேயே தெரிகிறது.

இனி முதலில் பார்த்த கேள்விக்கு வருவோம். இடப்பக்க வாய்பாடுகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன; வலப்பக்க வாய்பாடுகளும் அதே மின்சுமைக் கணக்கில் வருபவைதான்.

Al₂(SO₄)₃ + Ca(OH)₂ → Al(OH)₃ + CaSO₄

இதைப் பார்த்ததும் ஆக்சிஜனை எண்ணத் தொடங்காதீர்கள். ஆக்சிஜன் நான்கு பொருள்களிலும் இருக்கிறது, தலை சுற்றும். சல்பேட் இடப்பக்கமும் சல்பேட்டாகவே இருக்கிறது, வலப்பக்கமும் சல்பேட்டாகவே இருக்கிறது. ஹைட்ராக்சைடும் அப்படியே. உடையாமல் இடம் மாறும் தொகுதிகளை முழுசாகவே எண்ணலாம். அலுமினியம் இடப்பக்கம் இரண்டு, ஆகவே வலப்பக்கம் 2Al(OH)₃. சல்பேட் இடப்பக்கம் மூன்று, ஆகவே 3CaSO₄. இப்போது கால்சியம் வலப்பக்கம் மூன்றாகிவிட்டது, ஆகவே 3Ca(OH)₂. மிச்சம் இருப்பது ஹைட்ராக்சைடு: இடப்பக்கம் 3 × 2 = 6, வலப்பக்கம் 2 × 3 = 6. தானாகவே பொருந்திவிட்டது.

Al₂(SO₄)₃ + 3Ca(OH)₂ → 2Al(OH)₃ + 3CaSO₄

சந்தேகம் இருந்தால் இப்போது ஆக்சிஜனை எண்ணுங்கள். இடப்பக்கம் 12 + 6, வலப்பக்கம் 6 + 12, இரண்டும் 18. கடைசியாக மிஞ்சும் தனிமமோ தொகுதியோ தானே பொருந்துகிறது என்றால் வாய்பாடுகள் சரி என்று பெரும்பாலும் நம்பலாம். பொருந்தாமல் இழுத்துக்கொண்டே போனால் கெழுவோடு மல்லுக்கட்டாமல் வாய்பாட்டை மறுபடி பாருங்கள்.

அமிலமும் காரமும் வினைபுரியும்போது நீரை H–OH என்று மனதில் பிரித்துக்கொள்வது நல்ல வழி. சோடியம் ஹைட்ராக்சைடும் சல்பியூரிக் அமிலமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டும் நீரும் தருகின்றன. சோடியம் வலப்பக்கம் இரண்டு என்பதால் 2NaOH. அப்போது OH இரண்டு, அமிலத்தின் H இரண்டு, ஆகவே நீரும் இரண்டு:

2NaOH + H₂SO₄ → Na₂SO₄ + 2H₂O

தொகுதி உடையும் வினைகளில் மட்டும் அணு அணுவாகத்தான் எண்ண வேண்டும். கால்சியம் கார்பனேட்டின் மீது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கார்பனேட் உடைந்து, கார்பன் டைஆக்சைடிலும் நீரிலும் பிரிந்துபோகிறது: CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂.

எரிதல் வினைகளில் வரிசை முக்கியம்: முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன். காரணம் எளிது. ஆக்சிஜன் இடப்பக்கம் O₂ என்று தனியாக நிற்கிறது. அதன் கெழுவை எப்படி மாற்றினாலும் வேறு எந்தத் தனிமத்தின் கணக்கும் கெடாது. தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு வைப்பது எரிதலுக்கு மட்டுமல்ல, எல்லா வினைகளுக்கும் பொருந்தும். பியூட்டேன் எரிவதைப் பாருங்கள்.

C₄H₁₀ + O₂ → CO₂ + H₂O

கார்பன் நான்கு, ஆகவே 4CO₂. ஹைட்ரஜன் பத்து, ஆகவே 5H₂O. வலப்பக்க ஆக்சிஜன் 8 + 5 = 13. O₂ வில் இரண்டிரண்டாகத்தான் ஆக்சிஜன் வரும், 13 ஒற்றைப்படை. இங்கே பலரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. 13/2 என்று பின்னமாகவே எழுதிவிட்டு, சமன்பாடு முழுவதையும் 2 ஆல் பெருக்குங்கள்.

2C₄H₁₀ + 13O₂ → 8CO₂ + 10H₂O

எல்லாக் கெழுக்களையும் ஒரே எண்ணால் வகுக்க முடிந்தால் வகுத்துவிடுங்கள். 4H₂ + 2O₂ → 4H₂O சமன்தான், ஆனால் 2H₂ + O₂ → 2H₂O என்று மிகச் சிறிய முழு எண்களில் எழுதுவதே வழக்கம். சில வினைகளில் எதையும் செய்யவே வேண்டியிருக்காது: துத்தநாகமும் நீர்த்த சல்பியூரிக் அமிலமும் வினைபுரியும் Zn + H₂SO₄ → ZnSO₄ + H₂ எழுதியவுடனே சமனாக இருக்கிறது. கெழு 1 என்றால் அதை எழுதுவதில்லை.

பார்த்துச் சரிசெய்ய முடியாதபோது

தாமிரம் நீர்த்த நைட்ரிக் அமிலத்துடன் வினைபுரிந்து தாமிர நைட்ரேட்டும் நைட்ரிக் ஆக்சைடும் நீரும் தருகிறது. இங்கே தாமிரத்தின் மின்சுமை 2.

Cu + HNO₃ → Cu(NO₃)₂ + NO + H₂O

நைட்ரேட்டின் ஒரு பகுதி உடையாமல் இருக்கிறது, இன்னொரு பகுதி உடைந்து NO ஆகிறது. கண்ணால் பார்த்து எண் போட்டால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும். இதற்கு இயற்கணிதம் கைகொடுக்கும். ஐந்து கெழுக்களுக்கும் வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வையுங்கள். தாமிரத்தை எண்ணினால் அ = இ. ஹைட்ரஜனை எண்ணினால் ஆ = 2உ. நைட்ரஜனுக்கு ஆ = 2இ + ஈ. ஆக்சிஜனுக்கு 3ஆ = 6இ + ஈ + உ.

அ = 1 என்று வைத்தால் இ = 1. நைட்ரஜன் வரியிலிருந்து ஈ = ஆ − 2; ஹைட்ரஜன் வரியிலிருந்து உ = ஆ/2. இவற்றை ஆக்சிஜன் வரியில் போட்டால் 3ஆ = 6 + ஆ − 2 + ஆ/2. சுருக்கினால் ஆ = 8/3. அப்போது ஈ = 2/3, உ = 4/3. எல்லாவற்றையும் 3 ஆல் பெருக்கினால்:

3Cu + 8HNO₃ → 3Cu(NO₃)₂ + 2NO + 4H₂O

ஆக்சிஜன் இடப்பக்கம் 24; வலப்பக்கம் 18 + 2 + 4 = 24. மேல் வகுப்புகளில் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கொண்டு இதே விடையை இன்னும் விரைவாக அடையக் கற்றுக்கொள்வீர்கள். இயற்கணித முறை கொஞ்சம் நீளம், ஆனால் அதற்கு நான்கு அடிப்படைச் செயல்கள் தெரிந்தால் போதும்.

நீங்களே செய்து பார்க்க

முதலாவது: காரீய நைட்ரேட் கரைசலுடன் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் நிறக் காரீய அயோடைடு வீழ்படிவாகிறது, பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் தங்குகிறது. (காரீயத்தின் மின்சுமை 2, அயோடைடுக்கு 1.)

இரண்டாவது: பெரிக் குளோரைடு கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் செம்பழுப்பு நிறப் பெரிக் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிறது, சோடியம் குளோரைடும் உண்டாகிறது.

மூன்றாவது: செஞ்சூடான இரும்பின் மீது நீராவியைச் செலுத்தினால் Fe₃O₄ என்னும் கருநிற ஆக்சைடு உண்டாகி ஹைட்ரஜன் வெளியேறுகிறது.

நான்காவது: சூடான பிளாட்டினத்தின் முன்னிலையில் அம்மோனியா ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடும் நீரும் தருகிறது.

விடைகள், அதே வரிசையில்:

Pb(NO₃)₂ + 2KI → PbI₂ + 2KNO₃

FeCl₃ + 3NaOH → Fe(OH)₃ + 3NaCl

3Fe + 4H₂O → Fe₃O₄ + 4H₂

4NH₃ + 5O₂ → 4NO + 6H₂O

நான்காவதில் பிளாட்டினத்தை இடப்பக்கம் கூட்டியிருந்தால் வாசிக்கும் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மூன்றாவதில் நீராவிக்குத் தனி வாய்பாடு தேடியிருந்தால், வாயுவாக இருந்தாலும் அது H₂O தான்.